ஃபாயிலில் உருவாகும் அச்சோவியம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், உலோக ஃபாயிலைக் கொண்டு அச்சோவியம் (ஒரு பரப்பிலிருந்து தாளில் அழுத்தி எடுக்கும் ஓவியம்) படைக்கும் முறையை வளர்த்தெடுத்த அமெரிக்க ஓவியர் வர்ஜீனியா மயர்ஸ் (1927–2015) பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியாயிற்று. ஐயோவா பல்கலைக்கழகத்தில் அச்சோவியம் கற்பித்த அவர், அழைப்பிதழ்களிலும் புத்தக அட்டைகளிலும் பொன்னெழுத்துப் பதிக்கும் தொழில்முறையை ஓவியக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர். அதற்கென்றே ‘ஐயோவா ஃபாயில் பிரிண்டர்’ என்னும் அச்சுப்பொறியை உருவாக்கியவர். அந்தக் குறிப்பையொட்டி வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

திருமண அழைப்பிதழ் அச்சகத்தில் பல ஆண்டுகளாக ஃபாயில் மிஷின் ஓட்டுகிறேன். பிளாக்கைச் சூடேற்றி அழுத்தினால் ஃபாயில் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான் வேலை. இதில் ஓர் ஓவியர் புதிதாகக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?
— அச்சகத் தொழிலாளி, சிவகாசி

தொழிலை உள்ளிருந்து அறிந்தவர் கேட்கும் கேள்வி இது. ஆகவே விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறோம். அடிப்படையில் நீங்கள் செய்வதும் மயர்ஸ் செய்ததும் ஒரே வேலைதான். நீங்கள் மிஷினில் மாட்டும் சுருள் பார்வைக்கு ஒரே தாளாகத் தெரிந்தாலும், அதில் ஐந்து அடுக்குகள் இருக்கின்றன. மேலே பாலியெஸ்டர் படலம்; அதன் அடியில் சூடு பட்டவுடன் பிடி விடுகிற மெழுகுத்தன்மையுள்ள பூச்சு; அடுத்து நிறமேற்றிய அரக்குப் பூச்சு; அதன் கீழ் வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம்; கடைசியாக, சூட்டில் இளகிக் காகிதத்தைப் பற்றிக்கொள்ளும் பசை. சுமார் 100 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரையிலான சூடும் போதிய அழுத்தமும் ஒரே நொடியில் சேர்ந்து கிடைக்கும்போது, மேல் அடுக்கு தன் பிடியை விடுகிறது, கீழ் அடுக்கு காகிதத்தைப் பிடிக்கிறது.

அச்சகத்தில் அந்தச் சூடு எங்கே படவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பிளாக். பித்தளையிலோ மெக்னீசியத்திலோ ஒருமுறை பொறித்துவிட்டால், முதல் அழைப்பிதழும் ஆயிரமாவது அழைப்பிதழும் ஒன்றுபோல வரவேண்டும். வராவிட்டால் வேலை தெரியாதவர் என்று பெயர் வாங்கவேண்டியதுதான். ஓவியருக்கு வேண்டியது வேறு. தாளின் மேல் கை தயங்கிய இடத்தில் கோடு தயங்கவேண்டும். தூரிகை உலர்ந்துபோன இடத்தில் உலோகமும் பிசிறு பிசிறாகப் படியவேண்டும். இன்று பொன்னாக வந்த இடத்தின் மேல் நாளை செம்பு நிறமோ நீலமோ ஏற்றவேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு பிளாக் பொறித்துக்கொண்டிருந்தால் செலவு தாங்காது என்பது ஒருபுறமிருக்க, பொறிக்கும் வேலை முடிவதற்குள் மனத்தில் எழுந்த வடிவமே ஆறிப்போகும்.

மயர்ஸின் பங்களிப்பு இங்கேதான் இருக்கிறது. ஃபாயில் எங்கே ஒட்டவேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை, தொழிற்சாலைக்கென்று பொறித்த பிளாக்கிடமிருந்து வாங்கி ஓவியரின் கையில் கொடுக்க அவர் முயன்றார். ஃபாயிலோடு பழகும் ஓவியர்கள் இன்று பல வழிகளைக் கையாளுகிறார்கள். பசையால் நேரடியாக வரைந்து, அது பதமாக உலர்ந்ததும் ஃபாயிலை மேலே வைத்துச் சூடும் அழுத்தமும் கொடுப்பது ஒரு வழி. அட்டையையும் துணியையும் நூலையும் ஒட்டி மேடுபள்ளமான தட்டு ஒன்றைச் செய்து, அதன் மேடுகள் மட்டும் ஃபாயிலைப் பிடிக்கும்படி அழுத்துவது மற்றொரு வழி. முன்பே ஒட்டிய ஃபாயிலின் மேல் வேறொரு நிற ஃபாயிலை ஏற்றி, சில இடங்களைச் சுரண்டி அடிநிறத்தை வெளியே கொண்டுவருவதும் உண்டு.

உங்கள் மிஷினில் ஓடி முடிந்த சுருளைக் கொஞ்சம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மணமக்களின் பெயர்கள் இருந்த இடம் மட்டும் தெளிந்த படலமாகவும், சுற்றியுள்ள பகுதி முழுவதும் பொன்னாகவும் இருக்கும். அச்சகத்துக்கு அது கழிவு. ஃபாயில் ஓவியருக்கோ, சற்று முன் அச்சான உருவத்தின் எதிர்ப்படிவம் எந்தச் செலவும் இல்லாமல் கையில் கிடைத்திருக்கிறது. அதையே அடுத்த தாளின் மேல் வைத்து அழுத்தினால், பொன் நிறப் பின்னணியில் காகிதத்தின் வெண்மையே எழுத்தாகவும் உருவமாகவும் தெரியும். ஒரே ஃபாயிலிலிருந்து பிறக்கும் இந்த இரு படங்களும் ஒன்றையொன்று நிறைவு செய்பவை. இந்த வாய்ப்பு உங்கள் மேசைக்கடியில் தினமும் சுருண்டு விழுந்துகொண்டுதான் இருக்கிறது. தொழிலின் சூடும் பதமும் உங்களுக்குக் கைவந்தவை. ஓர் ஓவியருடன் நீங்கள் கைகோத்தால் மிக நல்ல வேலைகள் உருவாகும் என்று உறுதியாக நம்புகிறோம்.

தஞ்சாவூர் ஓவியத்தில் அசல் தங்க ரேக்கு (மிக மெல்லிய தங்கத் தாள்) ஒட்டுகிறோம். ஃபாயிலில் தங்கம் இருக்கிறதா? இல்லையென்றால் அதற்கு என்ன மதிப்பு?
— ஓவியக் கலைஞர், தஞ்சாவூர்

வழக்கமான ‘கோல்டு ஃபாயில்’ எதிலும் தங்கம் இல்லை. அலுமினியத்தின் மேல் மஞ்சள் சாயமேற்றிய அரக்குப் பூச்சு இருக்கிறது. அதன் வழியே பார்க்கும்போது வெள்ளி நிற உலோகம் பொன்னாகத் தெரிகிறது. அரக்கின் நிறத்தை மாற்றினால் சிவப்பு, பச்சை, நீலம் என்று எந்த நிறமும் கிடைக்கும். உலோகம் அதே அலுமினியம்தான். அந்த அலுமினியமும் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தடிமன் உடையது.

மயர்ஸும் 1980களில் பொன் ரேக்கிலும் வெள்ளி ரேக்கிலும் கவனம் செலுத்திய பிறகுதான் தொழிற்சாலை ஃபாயிலின் பக்கம் திரும்பினார். ரேக்கு மூச்சுக்காற்றுக்கே பறக்கும். அதைக் கையாளப் பொறுமையும் பணமும் வேண்டும். ஃபாயிலோ பாலியெஸ்டர் படலத்தின் மேல் பத்திரமாக அமர்ந்திருக்கிறது, விலையும் மலிவு, ஆகவே ஒரு மாணவர் பத்துத் தாள்களைப் பாழாக்கிக் கற்றுக்கொள்ள முடிகிறது. கலைக்கூடத்தில் இந்தச் சுதந்திரத்துக்குப் பெரிய மதிப்பு உண்டு.

ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க வேண்டியதில்லை. உங்கள் ஓவியத்தில் சுண்ணாம்புத்தூளும் பசையும் சேர்ந்த புடைப்பின் மேல் தங்கம் அமர்கிறது. விளக்கொளியில் தெய்வ உருவத்தின் நகைகளும் மண்டபமும் ஒளிரவேண்டும் என்பது அதன் நோக்கம். அங்கே தங்கம் அசலாக இருப்பது வழிபாட்டு உணர்வோடு சேர்ந்தது. ஃபாயிலை ‘அசல் தங்கம்’ என்று சொல்லித் தஞ்சாவூர் ஓவியத்தில் ஒட்டுவது ஏமாற்று. ஃபாயிலை ஃபாயில் என்றே சொல்லி அதற்குரிய படத்தைப் படைப்பது கலை.

உலோகத்தை அச்சில் பயன்படுத்துவது பழைய வழக்கம்தானே? இதைப் ‘பரிசோதனை முறை’ என்று ஏன் சொல்கிறார்கள்?
— கல்லூரிப் பேராசிரியர், மதுரை

பழைய வழக்கம் என்பது உண்மையே. வெனிஸ் நகரில் அச்சகம் நடத்திய எர்ஹார்ட் ராட்டோல்ட், 1482இல் தாம் வெளியிட்ட யூக்ளிடின் வடிவியல் நூலின் சில பிரதிகளில் சமர்ப்பண உரையைப் பொன்னெழுத்தில் அச்சிட்டார். ஜெர்மனியின் லூகாஸ் கிரானாக் 1507 வாக்கில் புனித ஜார்ஜின் உருவத்தை மரச்செதுக்கில், நீலம் தோய்த்த காகிதத்தில், பொன்னும் சேர்த்து அச்சிட்டார். அதைக் கண்ட ஆக்ஸ்பர்க் நகரத்து ஹான்ஸ் புர்க்மயர் உடனே போட்டியாகத் தாமும் முயன்றார். ஜப்பானில், கவிதை அன்பர்களுக்காகச் சிறு எண்ணிக்கையில் அச்சான சுரிமோனோ தாள்களில் உலோகத் தூள்களை மிக நுட்பமாகப் பயன்படுத்தினார்கள்.

இவற்றிலெல்லாம் படம் முதலில் கோட்டாலும் நிறத்தாலும் அமைந்துவிடுகிறது. உலோகம் அதற்குச் சிறப்புச் சேர்க்கிறது. மயர்ஸின் வழியில் உலோகப் பரப்பையே ஓவியர் அடிப்படைப் பொருளாக எடுத்துக்கொள்கிறார். காகிதத்தின் வெண்மைக்குப் பதிலாக ஃபாயிலின் எதிரொளி நிற்கிறது; இருளையும் வெளிச்சத்தையும் மையின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை, பார்ப்பவர் நிற்கும் இடமும் சேர்ந்து தீர்மானிக்கிறது. இடப்பக்கம் நின்றால் வெள்ளியாய் எரிகிற பகுதி, இரண்டடி நகர்ந்தால் கருத்துப்போகிறது. இப்படி மாறிக்கொண்டே இருக்கும் ஒளியை வைத்து ஒரு நிலையான படத்தை எப்படி அமைப்பது என்பதற்கு முன்மாதிரிகள் குறைவு. பரிசோதனை என்ற சொல் அந்தத் தேடலுக்குப் பொருந்தும்.

மயர்ஸ் யாரிடம் பயின்றார்? நம் நாட்டுக் கலைஞர்களோடு அவருக்கு ஏதேனும் தொடர்பு உண்டா?
— கவின்கலை மாணவி, சென்னை

அச்சோவியத்தில் அவருக்கு இரண்டு பெரிய பட்டறைகளின் வளர்ப்பு உண்டு. முதலாவது, ஐயோவா பல்கலைக்கழகத்தில் மொரீசியோ லசான்ஸ்கி நிறுவிய பட்டறை. அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் நகரில் 1914இல் பிறந்த லசான்ஸ்கி, 1943இல் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்றவர். 1945இல் ஐயோவாவில் கற்பிக்கத் தொடங்கினார். செப்புத் தகட்டில் அமிலத்தாலும் உளியாலும் கோடு இழைப்பதைச் சிறு அளவு வேலையாகக் கருதிவந்த காலத்தில், பல தகடுகளைச் சேர்த்து ஆளுயர உருவங்களை அச்சிட்டவர் அவர். அவரிடம் பயின்றவர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அச்சோவியத் துறைகளை அமைத்தார்கள்.

இரண்டாவது, பாரிஸில் ஸ்டான்லி வில்லியம் ஹெய்டர் நடத்திய ‘அட்டெலியே 17’. இதை ஹெய்டர் 1927இல் தொடங்கினார். போரின்போது 1940இல் நியூயார்க்குக்கு மாற்றி, 1950இல் மீண்டும் பாரிஸுக்குக் கொண்டுவந்தார். லசான்ஸ்கியும் நியூயார்க்கில் இதே பட்டறையில் பணிபுரிந்தவரே. வேதியியல் படித்த ஹெய்டர் தம் பட்டறையை ஒரு ஆய்வுக்கூடம் போலவே நடத்தினார். மயர்ஸ் 1960களின் தொடக்கத்தில் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அங்கே சென்று பயின்று, ஐயோவா திரும்பி, 1962 முதல் பல பத்தாண்டுகள் கற்பித்தார்.

நீங்கள் கேட்ட இந்தியத் தொடர்பு அந்தப் பாரிஸ் பட்டறையில்தான் இருக்கிறது. சித்தூர் மாவட்டத்து நந்தனூரில் 1925இல் பிறந்த கிருஷ்ண ரெட்டி, சாந்திநிகேதனில் பயின்றபின் 1947 முதல் 1949 வரை சென்னைக் கலாக்ஷேத்திராவில் ஓவியப் பிரிவின் தலைவராக இருந்தவர். பின்னர் லண்டன் வழியாகப் பாரிஸ் சென்று, 1950களில் ‘அட்டெலியே 17’இல் சேர்ந்து, 1964இல் அதன் இணை இயக்குநரானார். மைகளின் பிசுபிசுப்பு வேறுபாட்டைக் கொண்டு ஒரே தகட்டிலிருந்து, ஒரே ஓட்டத்தில், பல நிறங்களை அச்சிடும் முறையை அங்கே வளர்த்தெடுத்தவர்களுள் அவர் முதன்மையானவர். ஆளிவிதை எண்ணெய் கூடுதலாகக் கலந்த மையின் மேல் எண்ணெய் குறைவான மை ஏறாது. கெட்டியான உருளை தகட்டின் மேட்டை மட்டும் தொடும், மெத்தென்ற உருளை பள்ளத்துக்குள்ளும் இறங்கும். இந்த இரண்டு உண்மைகளிலிருந்து ஒரு முழுக் கலைமுறையே எழுந்தது.

கிருஷ்ண ரெட்டியின் மையையும் மயர்ஸின் ஃபாயிலையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது அந்தப் பட்டறையின் பயிற்சி எத்தகையது என்பது புலப்படுகிறது. பொருள் எப்போது ஒட்டுகிறது, எப்போது ஒட்ட மறுக்கிறது என்பதைப் பொறுமையாகக் கவனிப்பதே இருவருடைய வேலையின் தொடக்கமும். கிருஷ்ண ரெட்டி 2018இல் நியூயார்க்கில் மறைந்தார். அவர் பெயர் நம் ஊரில் ஓரளவு தெரியும். இன்னும் நன்றாகத் தெரியவேண்டும்.

அச்சோவியம் என்றால் பல பிரதிகள் எடுக்கவேண்டும் அல்லவா? ஒவ்வொன்றும் வேறுவேறாக வரும் ஃபாயில் படத்தை அச்சோவியம் என்று எப்படிச் சொல்வது?
— வாசகர், கோயம்புத்தூர்

அச்சோவியத்தின் கீழ் விளிம்பில் பென்சிலால் 3/20 என்று எழுதியிருந்தால், இருபது பிரதிகளில் இது மூன்றாவது என்று பொருள். பிரதிகள் ஒன்றுபோல இருக்கும் என்பது வாங்குபவருக்கு ஓவியர் தரும் வாக்குறுதி. ஃபாயில் முறையில் இந்த வாக்குறுதியைக் காப்பாற்றுவது கடினம், ஆனால் முடியாததன்று. தட்டு ஒன்றாகவும் சூடும் அழுத்தமும் ஒரே சீராகவும் இருந்தால் பிரதிகள் நெருங்கி வரும். பசையால் கையோட்டமாக வரைந்த படங்களில் ஒன்றைப்போல் மற்றொன்று வராது. அவற்றைத் தனிப்பிரதி என்றே குறிப்பிடுவது முறை.

தனிப்பிரதி அச்சோவியத்துக்கு நீண்ட மரபு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எட்கர் டெகா, தகட்டின் மேல் மையைப் பூசித் துடைத்து, அழித்து, ஒரே ஒரு தாளில் அழுத்தி எடுத்த படங்கள் ஏராளம். அவற்றை அச்சோவியம் அல்ல என்று யாரும் ஒதுக்கவில்லை. எங்கள் கருத்தில், உருவம் ஒரு பரப்பிலிருந்து அழுத்தத்தின் வழியே மற்றொரு பரப்புக்குக் கடந்து வருவதும், கடக்கும்போது ஓவியரின் முழு வசத்திலும் இல்லாத ஏதோ ஒன்று நிகழ்வதுமே அச்சோவியத்துக்கு அடையாளம். தாளைத் தூக்கிப் பார்க்கும்வரை என்ன வந்திருக்கிறது என்று தெரியாத அந்தக் கணம் ஃபாயிலிலும் இருக்கிறது.

பள்ளியில் மாணவர்களுக்கு இதைச் சிறிய அளவில் கற்றுக்கொடுக்க வழி உண்டா? ஐயோவா இயந்திரம் எங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை.
— ஓவிய ஆசிரியர், சேலம்

உண்டு. லேசர் பிரிண்டரும் லேமினேஷன் மிஷினும் இருந்தால் போதும். கடையில் ஃபாயில் வாங்கும்போது ‘டோனர் ஃபாயில்’ என்று கேட்டு வாங்குங்கள். அச்சகங்களில் ஓடும் ஹாட் ஸ்டாம்பிங் ஃபாயிலில் பசை அதிலேயே இருப்பதால், சமமான அழுத்தத்தில் அது வேண்டாத இடத்திலும் பற்றிக்கொள்ளும். டோனர் ஃபாயிலோ, லேசர் பிரிண்டரின் மைத்தூளான கறுப்பு டோனர் இருக்கும் இடத்தை மட்டும் பற்றும்.

மாணவர் கறுப்பு மையால் அழுத்தமாக ஒரு படம் வரையட்டும். அதை லேசர் ஜெராக்ஸ் எடுங்கள். இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த படம் உதவாது, ஏனெனில் அந்த மை சூட்டில் இளகாது. பிரதியின் மேல் ஃபாயிலை, மங்கலான பக்கம் படத்தைப் பார்க்கும்படியும் பளபளக்கும் பக்கம் மேலே தெரியும்படியும் வையுங்கள். அதை மடித்த காகிதத்துக்குள் செருகி லேமினேஷன் மிஷினில் ஓட்டுங்கள். வெளியே வந்தவுடன் பிரிக்கவேண்டாம். சூடு நன்றாக ஆறியபின், ஒரு மூலையிலிருந்து மெதுவாக, தாளோடு ஒட்டினாற்போல் பின்னுக்கு மடித்து உரியுங்கள். அவசரப்பட்டு உரித்தால் கோட்டின் விளிம்புகள் பிசிறும். அந்தப் பிசிறு அழகாக இருக்கிறது என்று ஒரு மாணவர் சொன்னால், அவரை அப்படியே தொடர விடுங்கள். மிஷினைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து இயக்குவது அவசியம்.

இதற்குமேல் கற்க விரும்பும் மாணவர்களுக்கு அச்சோவியத்தின் அடிப்படைகளே முதலில் வேண்டும். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் அதற்கான துறை இருக்கிறது. கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதெமி மண்டல மையத்தில் அச்சோவியப் பட்டறையும் இருக்கிறது. எட்சிங்கும் (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்செடுக்கும் முறை) மரச்செதுக்கும் கையில் பழகியபின் ஃபாயிலுக்கு வருவதே நல்லது. இந்தப் பொருள் எதையும் எளிதில் கவர்ச்சியாக்கிவிடும். வரைதலில் பலம் இல்லாத படத்தையும் சற்று நேரம் அழகாகக் காட்டிவிடும். அந்த மினுக்கில் ஏமாறாமலிருக்கக் கண்ணுக்கு முன்பயிற்சி வேண்டும்.

ஃபாயில் படம் நாளடைவில் கறுத்துப்போகுமா?
— வாசகர், திருநெல்வேலி

அசல் வெள்ளி ரேக்கு காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் கறுக்கும். பித்தளை ரேக்கும் நிறம் மாறும். ஃபாயிலில் அலுமினியத்தை அரக்குப் பூச்சு மூடியிருப்பதால் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் அரக்கில் ஏற்றிய சாயம் நேர்வெயிலில் வெளுக்கக்கூடும். பொன் நிறம் வெள்ளியாக மாறுவது அதனால்தான். உராய்வும் பகை. படத்தை அமிலமற்ற அட்டையில் பொருத்தி, கண்ணாடி அதன் முகத்தைத் தொடாதபடி இடைவெளி விட்டுச் சட்டமிடுங்கள். விரலால் தடவிப் பார்க்க யாரையும் விடாதீர்கள்.

சென்ற இதழுக்குப் பிறகு இணையத்தில் ஃபாயில் அச்சோவியங்களின் படங்களைத் தேடிப் பார்த்தேன். பல இடங்கள் வெறும் சாம்பல் நிறமாகவே தெரிகின்றன. என் பார்வையில்தான் குறையா?
— வாசகி, புதுச்சேரி

குறை உங்கள் பார்வையில் இல்லை. ஒளிப்படக் கருவிக்கு நிற்கும் இடம் ஒன்றுதான். ஃபாயில் தன் எதிரே இருப்பதைத்தான் காட்டும். படமெடுத்த அறையின் சுவர் இருட்டாக இருந்தால் ஃபாயிலும் இருட்டாகும். விளக்கு நேர் எதிரே இருந்தால் அந்த இடம் மட்டும் வெள்ளையாக எரிந்துபோகும். அனுபவமுள்ளவர்கள் படத்துக்கு எதிரே பெரிய வெள்ளைத் துணியையோ அட்டையையோ நிறுத்தி, ஒளியை அதன் மேல் பாய்ச்சி, அந்தத் துணியின் வெளிச்சம் ஃபாயிலில் பரவும்படி எடுப்பார்கள். அப்படி எடுத்தாலும் கிடைப்பது ஒரு கோணத்தின் பதிவு மட்டுமே. கண்காட்சியில் ஃபாயில் அச்சோவியம் ஒன்றைக் காணும் வாய்ப்புக் கிடைத்தால், அதன் முன்னே ஓரிடத்தில் நிற்காமல், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக நடந்து பாருங்கள். முடிந்தால் சற்றுக் குனிந்தும் பாருங்கள்.